ஆறாயிரம் பேர் கொண்ட ஒரு குடும்பம்

கொலம்பியாவின் மெடலின் நகரிலிருந்து ஒரு மூதாட்டியை அமெரிக்காவின் பாஸ்டனுக்கு வரவழைத்து மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். வயது எழுபதுக்கு மேல். மூளை முழுக்க அமிலாய்டு என்னும் புரதக் கசடு மண்டிக் கிடந்தது. இவ்வளவு கசடு உள்ள ஒருவர் தன்னைச் சுற்றி இருப்பவர்களையே அடையாளம் காணாத நிலைக்குப் போயிருக்க வேண்டும். இவருக்கோ அப்போதுதான் லேசான மறதி தொடங்கியிருந்தது. இவருடைய உறவினர்களில் பலருக்கு அது நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து வயதிலேயே வந்துவிட்டது.

அந்த மறதியின் பெயர் அல்சைமர். அதை முதுமையின் நோய் என்றுதான் நினைக்கிறோம். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் 1906-ல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் முதன்முதலில் விவரித்த நோயாளி, மருத்துவமனைக்கு வந்தபோது 51 வயதுப் பெண். இளவயதில் வரும் இந்த வகை அரிது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. உலகில் அது மிக அடர்த்தியாகக் காணப்படும் இடம் கொலம்பியாவின் ஆன்டியோகியா மாநிலத்து மலையூர்கள்.

1980-களின் தொடக்கத்தில் மெடலின் மருத்துவமனை ஒன்றுக்கு 47 வயது விவசாயி ஒருவரைக் குடும்பத்தார் அழைத்து வந்தார்கள். எல்லாம் மறந்துபோகிறது என்றார்கள். நரம்பியல் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் ஃபிரான்சிஸ்கோ லொபேரா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று விசாரித்தார். அப்பாவுக்கு இருந்தது, தாத்தாவுக்கு இருந்தது, பெரியப்பா சித்தப்பாக்களுக்கும் இருந்தது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவர் நாற்பது ஆண்டுகள் நடந்தார். அவரே யாருமால் என்ற மலையூரில் வளர்ந்தவர். அதனால் அந்த மக்களின் பேச்சும் கூச்சமும் அவருக்குப் புதிதல்ல. ஊர்க்காரர்கள் இதை ‘லா போபெரா’, அதாவது அசட்டுத்தனம், என்று அழைத்தார்கள். ஏதோ ஒரு மரத்தைத் தொட்டதால் வந்தது, ஒரு பாதிரியாரின் சாபம், செய்வினை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

லொபேராவின் குழு தேவாலயங்களில் இருந்த ஞானஸ்நான, திருமண, மரணப் பதிவேடுகளைப் புரட்டிக் குடும்ப மரங்களை வரைந்தது. தனித்தனியாகத் தெரிந்த குடும்பங்கள் பின்னோக்கிப் போகப் போக ஒன்றாகச் சேர்ந்தன. அது போதைப்பொருள் கும்பல்களும் கொரில்லாக்களும் துணைப்படைகளும் மோதிக்கொண்டிருந்த காலம். ரத்த மாதிரி சேகரிக்க மலையேறுவதே உயிரைப் பணயம் வைக்கும் வேலையாக இருந்தது. குழுவின் செவிலியர் ஒருவர் கொரில்லாக்களிடம் பிடிபட்டு, பிறகு விடுவிக்கப்பட்டார். 1995-ல் காரணம் பிடிபட்டது. பதினான்காவது குரோமோசோமில் உள்ள பிரெசெனிலின்-1 என்ற மரபணு. அது உருவாக்கும் புரதத்தின் 280-வது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் அலனின். ஒரே ஓர் எழுத்துப் பிழை. ஆன்டியோகியா மக்களைப் ‘பாய்சா’ என்பார்கள். இந்தப் பிறழ்வுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. வந்துவிட்டால் ஏறக்குறைய தப்பவே முடியாது. 44 வயதை ஒட்டி மறதி, 49-ல் டிமென்ஷியா, 60-ஐ ஒட்டி மரணம். நீட்டிப் பார்த்தால் இந்தக் குடும்பத்தில் சுமார் ஆறாயிரம் பேர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் பிறழ்வு இருக்கிறது.

விஞ்ஞானிகளுக்கு இதைவிட மதிப்பான தகவல் கிடைக்காது. யாருக்கு நோய் வரும், ஏறத்தாழ எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், வருவதற்கு முன்பே மருந்து கொடுத்துப் பார்க்கலாம் அல்லவா? 2013-ல் அப்படி ஒரு சோதனை தொடங்கியது. மருந்தின் பெயர் கிரெனெசுமாப். அமிலாய்டைப் பிடிக்கும் ஆன்டிபாடி. சேர்ந்தவர்கள் 252 பேர், எல்லோருமே நல்ல நினைவோடு இருந்தவர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊசி, ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை.

இந்த 252 பேரில் 83 பேரிடம் பிறழ்வே இல்லை. அவர்களுக்கு மருந்து தேவையில்லை, தரவும் இல்லை. வெறும் போலி ஊசிதான். பிறகு எதற்குச் சேர்த்தார்கள்? பிறழ்வு உள்ளவர்களை மட்டும் கூப்பிட்டிருந்தால், கூப்பிட்டதே தீர்ப்பாகிவிடும். தனக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அந்தக் குடும்பத்தில் ஏராளம். ஆகவே ஒன்றுமில்லாத ஊசிக்காக 83 பேர் ஆண்டுக்கணக்கில் வந்து கை நீட்டினார்கள். தங்களுக்கும் முடிவு தெரியாது. வரிசையில் பக்கத்தில் நிற்கும் அண்ணனுக்கோ சித்தி மகளுக்கோ தெரிந்துவிடவும் கூடாது. மருத்துவ ஆய்வு வரலாற்றில் இதற்கு இணையான பொறுமையை நான் அதிகம் படித்ததில்லை.

2022 ஜூனில் முடிவு வந்தது. பிறழ்வு உள்ளவர்களில் மருந்து பெற்றவர்களுக்கும் போலி ஊசி பெற்றவர்களுக்கும் புள்ளிவிவரப்படி பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

தோல்வி என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதே குடும்பம் வேறொரு கதவைத் திறந்துவிட்டது. பாஸ்டனுக்கு வந்த அந்த மூதாட்டியிடம் பாய்சா பிறழ்வோடு இன்னொன்றும் இருந்தது: அபோஇ என்ற மரபணுவில் ‘கிறைஸ்ட்சர்ச்’ என்ற அரிய மாற்றம், அதுவும் இரண்டு பிரதிகள். மூளை நிறைய அமிலாய்டு இருந்தும், நரம்பணுக்களுக்குள் முறுக்கிக்கொண்டு நேரடியாகச் சேதம் விளைவிக்கும் டாவ் புரதம் அவரிடம் குறைவாகவே பரவியிருந்தது. 2019-ல் இது வெளியானதும், அமிலாய்டுக்கும் டாவுக்கும் நடுவில் எங்கோ ஒரு தடுப்பைப் போட முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது. அடுத்த ஆண்டே அவர் வேறொரு நோயால் 77 வயதில் இறந்தார். மூளையை ஆய்வுக்குக் கொடுத்தார்கள். 2023-ல் ரீலின் மரபணுவில் வேறொரு மாற்றத்தோடு, 67 வயது வரை நினைவு குன்றாமல் இருந்த, அதே குடும்பத்து ஆண் ஒருவரைப் பற்றிய செய்தி வந்தது. 2024-ல், கிறைஸ்ட்சர்ச் மாற்றம் ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்த 27 உறவினர்களுக்கு நோய் ஐந்தாண்டு போலத் தள்ளிப் போனது தெரிந்தது. இந்த அறிவு வந்த வழியையும் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவர் இறந்தால், சில மணி நேரத்துக்குள் மூளையை எடுத்தால்தான் திசு உதவும். துக்க வீட்டில் அழுகை ஓயும் முன்பே யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். நூற்றுக்கணக்கான வீடுகளில் அப்படிப் போட்டிருக்கிறார்கள். லொபேரா 2024 செப்டம்பரில் காலமானார்.

அந்த வீடுகளில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது யார்? பெரும்பாலும் மனைவி, மகள், சில இடங்களில் தாய். எண்பதைத் தாண்டிய ஒரு தாய், நோயுற்ற தன் மூன்று பிள்ளைகளையும் குளிப்பாட்டி ஊட்டிக்கொண்டிருந்ததைப் பத்திரிகைகள் பதிவு செய்தன. மறதி வந்தவர் சும்மா இருப்பதில்லை. இரவில் எழுந்து கதவைத் திறப்பார், திருடிவிட்டாய் என்று மகளையே குற்றம் சாட்டுவார், குளிக்க மறுத்துக் கை ஓங்குவார். மெடலின் குழு மருந்துச் சோதனையோடு ஓர் ஆதரவுத் திட்டத்தையும் சேர்த்தே நடத்தியது. அந்த ஏற்பாடு இல்லாமல் இத்தனை ஆண்டு இத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பராமரிப்பவருக்கு உதவினால் பலன் உண்டா என்பதையும் மருந்தைப் போலவே சோதிக்கலாம். சோதித்தும் இருக்கிறார்கள், நம் கோவாவில். 2008-ல் வெளியான அந்த ஆய்வில் டிமென்ஷியா உள்ளவர்களின் 81 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் வீட்டுக்கு, குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஆறு மாதம் ஓர் ஆலோசகர் போனார். இது ஒரு நோய், வேண்டுமென்றே செய்வதில்லை என்று விளக்கினார். கோபத்தையும் அலைச்சலையும் எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக் கொடுத்தார். அரசு உதவித்தொகைக்கு வழிகாட்டினார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பினார், இதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களோடு சேர்த்துவைத்தார். பராமரிப்பவர்களின் மன அழுத்தம் தெளிவாகக் குறைந்தது. நோயாளியின் நினைவு திரும்பவில்லை. அது எதிர்பார்த்ததும் அல்ல.

லெக்கனெமாப் என்ற அல்சைமர் மருந்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022-ல் உலகமே கொண்டாடிய முடிவு அது. 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்ததில், நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில், போலி மருந்து பெற்றவர்களோடு ஒப்பிட்டால் 0.45 புள்ளி வித்தியாசம். அந்தச் சோதனையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நரம்பு வழியே ஏற்றினார்கள். மூளை வீக்கமோ கசிவோ வருகிறதா என்று அவ்வப்போது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். அறிவியல் அளவில் அது பெரிய படிதான், சந்தேகமில்லை. ஆனால் செலவுக்கும் கிடைக்கும் பலனுக்கும் உள்ள தூரத்தைப் பார்க்கும்போது, கோவா ஆய்வை யாரும் கொண்டாடாதது உறுத்துகிறது. அங்கே ஆலோசகராகச் சேர மேல்நிலைப் பள்ளிப் படிப்பும், கொங்கணியில் சரளமாகப் பேசத் தெரிவதும், வீட்டுக்குள் போய் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கும் குணமும் போதுமானதாக இருந்தது. பயிற்சி ஒரு வாரம்.