கஞ்சிலுக்குத் திறந்த ஃபில்டர் வேகம் தருமா?

1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில் கார், மலாக்காவின் ஜாசின், அலோர்காஜா தோட்டப்புறங்களில் இன்னும் ஓடுகிறது. அதன் காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, பிவிசி குழாயில் திறந்த ஃபில்டர் மாட்டினால் வேகம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். 660 சிசி இயந்திரம் 6,000 சுற்றில்கூட நிமிடத்துக்கு 2,000 லிட்டருக்கு மேல் காற்று இழுக்காது; சுத்தமான காகித ஃபில்டரே அதற்குத் தாராளம். கவனிக்க வேண்டியது வெப்பத்தை. திறந்த ஃபில்டர் பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே இழுக்கும். அந்தக் காற்று 60 பாகையைத் தொட்டால், வெளியே உள்ள 30 பாகைக் காற்றைவிட அடர்த்தி சுமார் 9 விழுக்காடு குறைவு; ஆக்சிஜனும் அதே அளவு குறையும். மாட்டியதும் வண்டி சீறுகிறதே என்பார்கள். பெட்டி அடக்கிவைத்திருந்த உறிஞ்சும் சத்தம் இப்போது வெளியே கேட்கிறது, அவ்வளவுதான். பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, குழாயை முன்விளக்குப் பக்கம் நீட்டி வெளிக்காற்றை எடுத்தால் ஓரளவு பயன் உண்டு. ஃபில்டர் சரியில்லை என்றால் செம்மண் சாலைத் தூசி சிலிண்டர் சுவரை அராவிவிடும். குழாயின் வாயைத் தாழ்வாக வைப்பதும் ஆபத்து: வெள்ளத்தில் தண்ணீரை இழுத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.