பிடிக்காமல் போன தட்டுகளின் பயன்

1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘கடைசி நான்கு பாடல்கள்’ முதன்முறையாக அரங்கேறின. அவற்றை எழுதிய ஸ்ட்ராஸ் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் பாடினார். ஃபில்ஹார்மோனியா வாத்தியக் குழுவை வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர் நடத்தினார். நிகழ்ச்சிக்கு 4,800 டாலர் உத்தரவாதம் கொடுத்தவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். கச்சேரியைப் பதிவுசெய்து தம் இசைத்தட்டுச் சேகரிப்புக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பதே அவர் எதிர்பார்த்த கைம்மாறு. அந்தச் சேகரிப்பில் அப்போது சுமார் 20,000 தட்டுகள் இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அன்றைய பதிவு அசிடேட் தட்டுகளில் செய்யப்பட்டது. அவை மிக மென்மையானவை, நாலு தடவை ஓட்டினாலே தேயத் தொடங்கும். எல்.பி. இசைத்தட்டாக வெளியிட முனைந்தபோது அவை மோசமாகத் தேய்ந்திருந்தன. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய அரங்கேற்றங்களில் ஒன்றை இன்றும் காதால் கேட்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் கடல்கடந்து இருந்த ஒரு சேகரிப்பாளரின் ஆசைதான்.

உடையார் இளமையில் பியானோ பயின்றவர், லண்டன் கில்ட்ஹால் இசைப் பள்ளியின் பட்டயம் பெற்றவர். ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்து லண்டனில் வாழ்ந்த நிக்கொலாய் மெட்னர் என்ற இசையமைப்பாளரை அன்று அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. அவருடைய படைப்புகளை அவரையே வாசிக்கவைத்துப் பதிவுசெய்ய உடையார் பணம் கொடுத்தார். எச்.எம்.வி. அவற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது; மெட்னர் 1951இல் இறந்தார். இதே உடையார்தான் கர்நாடக இசைக்குள் ஆழமாக இறங்கி, ஸ்ரீவித்யா முத்திரையோடு 94 கிருதிகளை இயற்றினார். மைசூர் வாசுதேவாசார்யர் ஆஸ்தான வித்துவானாக இருந்த அரண்மனை அது. ஒருவருடைய ரசனை எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதற்கு நம் பக்கத்தில் இதைவிடத் தெளிவான சான்று குறைவு. அந்தப் பயணத்தில் ஒரு ஊரை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போன கதை கிடையாது. ஸ்ட்ராஸும் கீர்த்தனையும் ஒரே மனிதரிடம் ஒரே காலத்தில் இருந்தன. அவர் 1974இல் பெங்களூர் அரண்மனையில் காலமானார். அந்த அரண்மனை மைதானத்தில்தான் 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் இந்தியாவில் தன் முதல் கச்சேரியை நடத்தியது. 2011இல் மெட்டாலிகா வந்தது. இந்த ஊரில் சாம்ராஜ்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தின் ராமநவமிக் கச்சேரிக்கும் அரண்மனை மைதானத்தின் ராக் கச்சேரிக்கும் போய்வந்த ரசிகர்கள் உண்டு. அவர்கள் வீட்டு அலமாரிகள் ஒழுங்கற்றுத்தான் இருக்கும். அந்த ஒழுங்கின்மையை, குறிப்பாக இப்போது பிடிக்காமல் போய்விட்ட பகுதியை, காப்பாற்றிவைக்க வேண்டும் என்பதே என் வாதம். அதற்குக் காரணம் தட்டு என்ற பொருளிலும் இருக்கிறது, காது மாறும் விதத்திலும் இருக்கிறது.

முதலில் பொருள். 78 சுற்றுத் தட்டின் பிணைப்புப் பசை அரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், வங்காளப் பக்கங்களில் புரசு, இலந்தை போன்ற மரங்களில் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சிகள் கிளையைச் சுற்றிச் சுரந்துவைக்கும் பிசின் அது. உலகத்தின் பெரும்பாலான இசைத்தட்டுகளுக்கு அரக்கு இங்கிருந்துதான் போயிற்று. தட்டின் எடையில் பெரும்பங்கு கல்தூள். கருமைக்குக் கரித்தூளும் சேர்த்து, இந்தக் கலவையைச் சூட்டில் இளக்கி, உலோக அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தட்டு ஆகிவிடும். அதில் வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுருண்டு போகும் ஒரே ஒரு பள்ளக்கோடுதான் இருக்கிறது. குரலின் அதிர்வுக்கேற்ப அந்தக் கோடு இடமும் வலமும் நெளிந்திருக்கும். ஊசி அந்த நெளிவில் ஓடும்போது அதன் மறுமுனையிலுள்ள மெல்லிய மைக்காத் தகடு அதிரும். குழல் அந்த அதிர்வைப் பெரிதாக்கும். சாவி கொடுத்துச் சுற்றிவிட்டால் போதும், மின்சாரம் தேவையில்லை. கல்தூளுக்கும் ஒரு வேலை உண்டு: ஓடத் தொடங்கியதுமே எஃகு ஊசியைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊசியை மாற்றச் சொன்னார்கள். மாற்றாமல் ஓட்டியவர்கள் வீட்டில் ஊசி தட்டைத் தேய்த்தது. அரக்கு கைதவறினால் உடையும், வெயிலில் வளையும், சூட்டில் மறுபடி இளகும். இரண்டாம் உலகப் போரின்போது அரக்குக்குத் தட்டுப்பாடு வந்ததும் மேலை நாடுகளில் பழைய தட்டுகளைத் திரட்டிப் புதிய தட்டுகளுக்கு மூலப்பொருளாக்கினார்கள். அன்று யாருக்கும் பிடிக்காத பாட்டுகள்தான் முதலில் போயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலே ஓடும். அரை மணி நேரம் விரியும் ராக ஆலாபனையை அதற்குள் அடக்க வேண்டும். பாடுகிறவர்கள் அடக்கினார்கள், பிறகு கேட்கிறவர்களும் அந்தச் சுருக்கத்துக்குப் பழகினார்கள். 1902இல் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவுசெய்தார். மெழுகில் எடுத்த அந்த மூலத்தை ஜெர்மனியின் ஹானோவருக்கு அனுப்பித் தட்டாக்கினார்கள். 1908இல்தான் கல்கத்தா சியால்டாவில் ஆலை வந்தது. பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பதைப் பழைய தட்டுகளில் கேட்கலாம். ஹானோவரில் தட்டு அழுத்துகிறவர்களுக்கு எது யாருடையது என்று தெரிய வேண்டுமே! இந்தியாவெங்கும் பெயர்பெற்றிருந்த அந்தப் பாடகி தம் கடைசிக் காலத்தில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் வாழ்ந்து 1930இல் மைசூரிலேயே இறந்தார். அவருடைய வரலாற்றை 2010இல் எழுதிய விக்ரம் சம்பத், பின்னர் பெங்களூரில் இந்திய இசை ஆவணக் காப்பகத்தைத் தொடங்கிப் பழைய 78 சுற்றுத் தட்டுகளை எண்ம வடிவுக்கு மாற்றினார். இப்படிப்பட்ட முயற்சிகளுக்குப் பெரும்பாலும் மூலமாவது தனியார் சேர்த்து வைத்தவையே. விற்காத தட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது எந்தக் கம்பெனிக்கும் வழக்கம். பரணில் போட்டுவைத்தவருக்கு அந்த வழக்கம் இல்லை. கோயம்புத்தூர் தாயியின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1917இல் மறைந்த அவருடைய தட்டுகள், இந்தியா வந்திருந்த மொரீஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளருக்குப் பிடித்துப்போயின. டெலாஜ் 1912–13இல் எழுதிய ‘நான்கு இந்துக் கவிதைகள்’ என்ற படைப்பில் அந்தக் குரல்வழியின் சாயல் இருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்கத் தாயியின் தட்டு யாரிடமாவது மிஞ்சியிருந்தால்தானே முடியும்.

இனிக் காது. ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் காட்டியது எளிமையானது: ஒன்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதே அதன்மேல் விருப்பத்தை வளர்க்கும். ஆனால் இது முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போவதில்லை. டேனியல் பெர்லைன் 1970களில் முன்வைத்த கருத்துப்படி, மிகவும் பழகியதும் சலிக்கும், மிகவும் புரியாததும் விரட்டும். இரண்டுக்கும் நடுவிலேதான் இன்பம் உச்சத்தில் இருக்கிறது. இந்த நடுப்புள்ளி நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஒரு ராகத்தின் பிடிகள் காதுக்குப் பழகியதும், நேற்றுக் குழப்பமாக இருந்த நீண்ட விரிவு இன்று அளவாகத் தோன்றும். நேற்று மயக்கிய மூன்று நிமிடப் பாட்டு தட்டையாகிவிடும். ரசனை மாற்றத்தைத் துரோகம் என்றோ முதிர்ச்சி என்றோ பெயரிடுவதை நான் ஏற்பதில்லை. அது கேட்டதன் விளைவு, அவ்வளவுதான். இதற்கு எதிராக வலுவான ஆய்வு ஒன்று உண்டு. மோரிஸ் ஹோல்புரூக்கும் ராபர்ட் ஷிண்ட்லரும் 1989இல், பல வயதினருக்கு வெவ்வேறு ஆண்டுகளின் அமெரிக்க வெற்றிப் பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். தமக்கு ஏறக்குறைய 24 வயதானபோது வெளியான பாடல்களே மக்களுக்கு மிகவும் பிடித்திருந்தன. அப்படியானால் ரசனை 24இல் உறைந்துவிடுகிறது, அதற்குமேல் சேர்ப்பதெல்லாம் வீண் என்று வாதிடலாம். ஆனால் 2013இல் வெளியான இன்னொரு ஆய்வு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விருப்பங்களை வயதுவாரியாகப் பார்த்தது. அதிரடியான இசையின்மேல் விருப்பம் பதின்வயதில் உச்சத்தில் இருந்து வயதோடு குறைகிறது. செவ்வியல், ஜாஸ் போன்றவற்றின்மேல் நடுவயதில் கூடுகிறது. நினைவோடு ஒட்டிய பாட்டுகள் ஒருபக்கம் நிலைத்திருக்க, மறுபக்கம் தேடல் திசைமாறுகிறது என்று இரண்டையும் சேர்த்துப் படிப்பதே சரி என்று நினைக்கிறேன்.

இந்த இரு ஆய்வுகளுக்கும் பொதுவான ஒரு குறை இருக்கிறது. இரண்டிலுமே வெவ்வேறு வயது மனிதர்களை ஏறத்தாழ ஒரே காலத்தில் கேட்டார்கள். ஐம்பது வயதுக்காரர் இன்று செவ்வியல் இசையை விரும்புகிறார் என்றால், வயது அவரை மாற்றியதா, அல்லது அவருடைய தலைமுறையே அப்படி வளர்ந்ததா? ஒரே மனிதரை முப்பது, நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து கேட்டால்தான் பிரித்துச் சொல்ல முடியும். அப்படி யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? நினைவையும் நம்ப முடியாது. இன்று நமக்குப் பிடித்ததையே அன்றும் பிடித்திருந்ததாக மனம் திருத்திச் சொல்லும். குப்பையாகக் குவிந்த சேகரிப்பு அந்த வேலையை ஓசையில்லாமல் செய்துவைத்திருக்கிறது. அது மரத்தின் ஆண்டு வளையம்போல, எந்த ஆண்டில் என்ன தேவைப்பட்டது என்பதை உள்ளே பொதிந்து வைத்திருக்கிறது. உரிமையாளர் வெட்கப்பட்டு ஒரு பகுதியைக் கழித்துவிட்டால் அந்தச் சான்று பொய்யாகிவிடும்.

இதெல்லாம் இருபதாயிரம் தட்டு வைத்திருந்த மகாராஜாக்களின் விவகாரம் என்று ஒதுக்கவும் முடியாது. 1963இல் ஃபிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட் 1980களில் இந்தியாவில் பரவியபோது சேகரிப்பு எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. லகரி போன்ற பெங்களூர் நிறுவனங்கள் கன்னடப் பாடல்களைக் கேசட்டாக வீடுவீடாகக் கொண்டுசேர்த்தன. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வாழ்ந்த தமிழர்களுக்கு இளையராஜா இருந்தார். தமிழ் கேட்ட தலைமுறைக்கு ரெக்கார்டிங் கடையை விளக்க வேண்டாம்: பாட்டுகளைத் தாளில் வரிசையாக எழுதி, ஒரு 60 அல்லது 90 நிமிட வெற்றுக் கேசட்டோடு கொடுத்தால், சில நாளில் பதிந்து தருவார்கள். அந்த வரிசையில் எதற்குப் பின் எது என்று முடிவுசெய்தவர் அந்த ரசிகர்தான். ஏ பக்கத்தில் சோகம், பி பக்கத்தில் டப்பாங்குத்து என்று பிரித்தவர்களும் உண்டு. இடம் மிச்சமானால் ஒரு பக்திப் பாடலையோ பாதிப் பாட்டையோ போட்டு நிரப்பியதும் உண்டு. எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் இல்லாத தொகுப்புகள் இவை. ஒவ்வொன்றும் உலகத்தில் ஒரே பிரதி. சட்டப்படி இந்தப் பிரதியெடுப்பு உரிமை மீறல் என்பது உண்மை. இசைக்கு உழைத்தவர்களுக்குச் சேரவேண்டிய பணம் போகவில்லை என்பதைப் பூசி மெழுகவும் கூடாது. ஆனால் ஒரு சாமானியக் குடும்பத்தின் ரசனைக்கு எழுத்து மூலமான சாட்சி எதுவென்றால், கேசட் அட்டையில் பேனாவால் எழுதிய அந்தப் பட்டியலைத்தான் காட்ட முடியும்.

இப்போது எல்லாம் செயலியில் கிடைக்கிறதே என்பதுதான் அடிக்கடி எழும் எதிர்வாதம். கிடைப்பவை ஏராளம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே இருப்பது உரிமம் உள்ளவரை இருக்கும். ஒப்பந்தம் முடிந்தால் பட்டியலிலிருந்து மறையும். பிரபலமான பாட்டின் மறுபக்கத்தில் இருந்த பிரபலமில்லாத பாட்டு பல நேரம் ஏற்றப்படுவதே இல்லை. இன்னொன்றும் கவலை தருகிறது. நேற்றுக் கேட்டதை ஒட்டியே இன்று பரிந்துரைக்கும் ஏற்பாடு, பெர்லைன் சொன்ன நடுப்புள்ளியின் பழகிய பக்கத்திலேயே காதை நிறுத்திவைக்கும். தூசி படிந்த அலமாரியில் ஒன்றைத் தேடப்போய் வேறொன்று கையில் சிக்கும் தற்செயல் அங்கே குறைவு. இடத்தை அடைக்கிறது, பூஞ்சை பிடிக்கிறது, வீட்டாருக்குத் தொல்லை என்ற புகார் இதைவிட நியாயமானது. சிறிய அடுக்குமாடி வீட்டில் கனமான அரக்குத் தட்டுகளைச் சேர்ப்பது எளிதல்ல. படுக்கவைத்து அடுக்கினால் கீழே உள்ளவை வளையும், நிமிர்த்தி வைக்க வேண்டும். கேசட்டில் காந்தத் தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தில் இளகும். எல்லாரும் எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது. ஜே.பி. நகரிலுள்ள இந்திய இசை அனுபவ அருங்காட்சியகம்போன்ற பொது இடங்கள் ஒலிப்பதிவின் வரலாற்றை நன்றாகவே காட்டுகின்றன. ஆனால் அருங்காட்சியகம் தேர்ந்தெடுத்துத்தான் வைக்கும், தேர்வு என்றாலே இன்றைய ரசனை உள்ளே வந்துவிடும்.

ஆகவே கழிக்கத்தான் வேண்டும் என்ற நிலை வரும்போது, பிடித்தது, பிடிக்காதது என்று பிரிக்காமல், வேறெங்கும் கிடைப்பது, கிடைக்காதது என்று பிரிப்பதே முறை. எண்ம வடிவுக்கு மாற்றுகிறவர்கள் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உறையை வீசிவிடக் கூடாது. உறையிலுள்ள கடை முத்திரை, தட்டின் நடுவட்டத்துக்கு அருகே பொறித்த எண், கேசட் அட்டையின் கையெழுத்து எல்லாம் படமாக வேண்டும். இதில் வெறும் பற்று மட்டும் இல்லை. தொழில்நுட்பத் தேவையும் இருக்கிறது. 78 என்று பொதுப்பெயர் இருந்தாலும் தொடக்க காலத் தட்டுகள் துல்லியமாக அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. நிமிடத்துக்கு 72 சுற்றில் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி அரைக் கட்டைக்கு மேல் ஏறிவிடும், காலப்பிரமாணமும் ஓடும், முதிர்ந்த குரல் இளங்குரலாகக் கேட்கும். சரியான வேகத்தை உறைகள் பெரும்பாலும் சொல்வதில்லை. அதே பாடகர் அதே காலத்தில் பதிந்த மற்றத் தட்டுகளின் சுருதியோடும் குரலோடும் ஒப்பிட்டுத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒப்பீட்டுக்கு அவருடைய புகழ்பெற்ற பாட்டு ஒன்று போதாது, யாரும் கேட்காமல் விட்ட பத்துத் தட்டுகளும் வேண்டும்.