சூரிய மின்சார இன்வர்ட்டரில் பளு மிகுதலும் அதன் பரிகாரமும்

கம்பத்து மின்சாரம் நின்றுபோன மாலைப் பொழுதில் விளக்குகளும் விசிறிகளும் குறைவின்றி நடந்துகொண்டிருக்கும். மாவரைக்கும் கிரைண்டரின் விசையைப் போட்ட மாத்திரத்தில் இன்வர்ட்டர் கூவிச் சிவப்பு விளக்கைக் காட்டி, வீடு முழுவதும் இருளடைந்துவிடும். மாடியில் சூரியத் தகடுகளை அமைத்துக்கொண்ட குடியானவர்களின் வீடுகளில் இத்தொல்லை சாதாரணமாய்க் காணப்படுகிறது. தகடு போதவில்லையென்று எண்ணி, மேலும் இரண்டு தகடுகளை வாங்கி மாட்டுவோர் பலர். அதனால் பணம் செலவாகுமேயன்றித் தொல்லை நீங்காது.

தகட்டைக் கிணற்றின் ஊற்றுக்கும், பாட்டரியைத் தொட்டிக்கும், இன்வர்ட்டரைத் தொட்டியின் மடைக்கும் ஒப்பிடலாம். ஊற்றுப் பெருகினாலும் தொட்டி பெரிதானாலும், மடைவாய் கொள்ளுமளவுக்கு மேல் ஒரே சமயத்தில் தண்ணீர் பாயாது. 1000 வி.ஏ. என்று எழுதிய இன்வர்ட்டர் 1000 வாட் கொடுக்குமென்று நினைப்பதும் தவறு. பெரும்பாலானவை 800 வாட் அளவே தாங்கும். வாங்குமுன் வாட் அளவையே கேட்டறிதல் வேண்டும்.

பழைய மாதிரி விசிறி ஒன்றுக்கு 75 வாட் வீதம் நான்குக்கு 300. 9 வாட் விளக்குகள் ஆறுக்கு 54. தொலைக்காட்சிக்குச் சுமார் 100. ஆக 454 வாட். இதுவரையில் குற்றமில்லை. இதன்மேல் 500 வாட் மிக்ஸியைச் சுழற்றினால் 954 ஆகி எல்லை கடந்துவிடுகிறது.

மோட்டார் உள்ள கருவிகளின் விஷயம் இன்னும் விசேஷமானது. அரைக் குதிரைத்திறன் கிரைண்டர் ஓடும்போது சுமார் 500 வாட் கொள்ளும். புறப்படும் கணத்திலோ ஓட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரஸரும் அவ்வாறே. அது தானே நின்று தானே புறப்படுவதால், ஒருவரும் விசையைத் தொடாத நள்ளிரவில் இன்வர்ட்டர் கூவும். வீட்டார் காரணம் தெரியாது திகைப்பர். கிராம அலுவலகங்களில் இதே குறும்பைச் செய்வது லேசர் அச்சு யந்திரம். அது சூடேறும் சில விநாடிகளில் பல நூறு வாட் கொள்ளும்.

குற்றம் எங்குள்ளதென்று அறிய, முதலில் எல்லா விசைகளையும் அணைத்து, இன்வர்ட்டரைச் சில நிமிஷம் ஆறவிட்டு மீண்டும் போடவேண்டும். நிலைத்து நின்றால், ஒவ்வொரு கருவியாகச் சேர்த்துவர, எதனால் கூவுகிறதோ அதுவே காரணம். சகலமும் அணைந்திருக்கையிலேயே கூவினால், மின்பணியாளரைக்கொண்டு வீட்டிற்குச் செல்லும் கம்பியைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். பிரித்தபின் அடங்கினால் கோளாறு வீட்டுக் கம்பியில் உள்ளது: எலி கடித்திருக்கலாம், ஈரம் இறங்கியிருக்கலாம், அல்லது வெந்நீர்க் கருவியின் இணைப்பு தவறுதலாய் இன்வர்ட்டர் வழியில் சேர்ந்திருக்கலாம். பிரித்தும் கூவினால் கோளாறு யந்திரத்துக்குள்ளேயே இருப்பதால், அதைத் தேர்ந்தவரிடம் கொடுக்கவேண்டியதே.

பாட்டரியின் குற்றத்தையும் பளுவின் குற்றமென்று மயங்குவதுண்டு. 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 800 வாட் எடுக்க ஏறக்குறைய 70 ஆம்பியருக்குக் குறையாமல் ஓடவேண்டும். முனை தளர்ந்தோ, பூத்துப்போயோ, கம்பி மெலிந்தோ இருந்தால் அவ்விடம் சூடேறி வோல்ட் இறங்கும், யந்திரமும் நின்றுவிடும்.

பரிகாரங்களில் மலிவானது பளுவைக் குறைப்பதே. சுமார் 30 வாட்டில் ஓடும் புதுமாதிரி விசிறிகள் நான்கை மாற்றினால் 180 வாட் மிச்சம். இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்க் கருவி, கிணற்று மோட்டார் இவற்றை இன்வர்ட்டர் வழியிலிருந்து அறவே நீக்கவேண்டும். கிரைண்டர் அவசியம் ஓடவேண்டுமென்போர் பெரிய இன்வர்ட்டர் வாங்கலாம். ஆனால் அதற்கேற்றபடி பாட்டரியின் எண்ணிக்கையும் கம்பியின் பருமனும் மாறவேண்டியிருப்பதால் செலவு யந்திரத்தோடு நிற்பதில்லை. பியூஸில் பருத்த கம்பியைக் கட்டிச் சமாளிப்பது வீட்டுக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம்.

2024-ல் தொடங்கிய பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தின்படி அமைக்கப்படும் தகடுகள் பெரும்பாலும் கம்பத்து மின்சாரத்தோடு இணைந்தவை. மின்சாரம் நின்றதும் அவையும் நிற்பது பளுவினாலன்று. கம்பத்தில் வேலை செய்வோரின் உயிரைக் காக்கும் பொருட்டே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள்.

வெயில் உள்ளவரை தகட்டுக் கம்பிகளில் மின்சாரம் இருந்தே தீரும். இன்வர்ட்டரை அணைத்ததனால் அது போகாது. பழுது பார்க்குமுன் தகட்டு வழியின் தனி விசையை அணைக்கவேண்டும். மின்னோட்டம் இருக்கையில் அக்கம்பியின் இணைப்பை இழுத்துப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் பொறி பறந்து கை வெந்துபோகும்.