ஒருத்தர் லீவு போட்டால் ‘ப’ காணோம்: கைமணிக் குழுவுக்குப் பாட்டு எழுதுவது எப்படி?

ஒரு கீபோர்டின் 37 கட்டைகளைக் கழற்றி, 11 பேரிடம் ஆளுக்கு மூன்று நான்கு என்று கொடுத்துவிட்டு, “இப்போ எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டு வாசிங்க” என்று சொன்னால் எப்படி இருக்கும்? அமெரிக்க சர்ச்சுகளில் இருக்கும் ஹேண்ட்பெல் குழுக்கள், அதாவது கைமணிக் குழுக்கள் செய்வது கிட்டத்தட்ட இதைத்தான்.

இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. கோபுர மணி அடிப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே பயிற்சி எடுக்கச் சின்ன மணிகளைப் பயன்படுத்தினார்கள். 1902-ல் லண்டனில் பரிசாகக் கிடைத்த கைமணிகளை பாஸ்டனுக்குக் கொண்டுவந்தார், பின்னாளில் மார்கரெட் ஷர்க்லிஃப் என்று அறியப்பட்ட பெண். 1954-ல் அமெரிக்காவில் இதற்கென ஒரு சங்கமே உருவானது.

மணியை ஆட்டினால் சத்தம் வரும், இதில் என்ன கஷ்டம்? நிறுத்துவதுதான் கஷ்டம். மணியைத் தோளில் வைத்து அழுத்தும்வரை நாதம் அடங்காது. அடுத்த ஆள் அடிக்கும் ஸ்வரத்தோடு அது மோதும்.

‘அமேசிங் கிரேஸ்’ பாடலை மணிக் குழுக்களுக்குப் பிடித்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று பாடப்படும் அதன் மெட்டு ஐந்தே ஸ்வரங்களில் அடங்கிவிடும். நம்ம மோகனத்தின் அதே ச, ரி, க, ப, த. ஐந்தும் சேர்ந்து ஒலித்தாலும் காதை உறுத்தாது. அதனால் இசை அமைப்பவர் தாளில் ‘எல்.வி.’ என்று இரண்டு எழுத்து போட்டுவிடலாம். ‘அடக்காதே, ஒலிக்க விடு’ என்று அர்த்தம்.

கிட்டார், டிரம்ஸ் பேண்டுக்காகப் பிறந்த இன்றைய ஆராதனைப் பாடல்கள் அப்படி இல்லை. பாடகர் ஒரே ஸ்வரத்தில் நாலைந்து வார்த்தைகளை மடமடவென்று சொல்லிப் போவார். மணியில் அந்த வேலை முழுக்க ஒரே ஆள் தலையில் விழும், மற்ற பத்துப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். நீட்டிப் பாடும் இடத்தில் நாதம் தேய்ந்துபோகும். தாங்கிப்பிடிக்க மணியை விடாமல் குலுக்க வேண்டும். பாட்டை அச்சு அசலாக மணியில் ஏற்றப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். மெட்டைக் கொஞ்சம் குறைத்து, இடைவெளிகளில் மற்றவர்களுக்கு வேலை கொடுப்பதே நல்ல வழி.

கடைசிச் சரணத்தில் சுருதியை ஏற்றும் பழக்கம் வேறு இருக்கிறது. பியானோக்காரருக்கு அது விரலை நகர்த்தும் வேலை. இங்கோ பலர் கையிலிருக்கும் மணியை மேஜையில் வைத்துவிட்டு, அரை ஸ்வரம் தள்ளியிருக்கும் மணியை எடுக்க வேண்டும். அதற்கு அவகாசம் எழுதாவிட்டால், எவ்வளவு அழகான இசையும் கவிழ்ந்துவிடும்.

பாடகர் குழுவில் ஒருவர் வராவிட்டால் பெரிதாகத் தெரியாது. மணிக் குழுவில் அவருடைய ஸ்வரம் வரும் இடமெல்லாம் ஓட்டை. பக்கத்து ஆள் பார்த்துக்கொள்ளலாம்தான், ஆனால் அவருக்கும் இரண்டு கைதானே? சின்னக் குழுக்களுக்கு உதவ, பல பதிப்புகளில் விட்டுவிடக்கூடிய ஸ்வரங்களை அடைப்புக்குறிக்குள் அச்சிடுகிறார்கள். எந்தெந்த மணிகள் தேவை என்ற பட்டியலும் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

பணக் கணக்கும் உண்டு. பழைய கீதங்களில் பலவற்றுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது; யாரும் புதிய வடிவம் எழுதலாம். புதிய ஆராதனைப் பாடலை மணிக்கு எழுதி வெளியிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். பழைய கீதமே ஆனாலும், ஒருவர் புதிதாக எழுதிய வடிவம் அவருடையது. ஒரே ஒரு பிரதி வாங்கி 11 பேருக்கு ஜெராக்ஸ் போட முடியாது.