மூடப்படும் ஸ்ரூடியோக்களும் எமது குடும்பப் படங்களும்

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறிய இரவை, அந்த வழியால் நடந்தவர்கள் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் நகை, பிள்ளைகளுக்கு மாற்றுடுப்பு என அகப்பட்டதைப் பையில் அடைந்துகொண்டு சனம் நடந்தது. சுவரில் தொங்கிய படங்களையும் கலியாண அல்பத்தையும் எடுத்துச் சென்றவர்கள் சிலரே. விரைவில் திரும்பிவிடலாம் என்ற நினைப்புத்தான் அதற்குக் காரணம். திரும்பியபோது பலருக்கு வீடே இருக்கவில்லை.

அல்பம் போனால் படமும் போய்விட்டது என்று நாம் எண்ணுகிறோம். அது எப்போதும் உண்மையன்று. அந்நாட்களில் ஒரு படம் இரண்டு இடங்களில் இருந்தது. அச்சிட்ட பிரதி எமது வீட்டில். அதன் மூலமான நெகற்றிவ் பெரும்பாலும் ஸ்ரூடியோவில். இருட்டறையில் பிலிமைக் கழுவி, காயவைத்து, வெட்டி, இலக்கமிட்ட கடித உறையில் போட்டுப் பெட்டியில் அடுக்கி வைப்பது ஸ்ரூடியோக்காரரின் வழக்கம். பற்றுச்சீட்டு இலக்கத்தைச் சொன்னால் பல ஆண்டுகளின் பின்னரும் இன்னொரு பிரதி எடுக்கலாம். விவசாயிகளான எமக்கு இது புதிய விடயமல்ல. அரிசி சமையலுக்கு, விதைநெல் அடுத்த போகத்துக்கு. நெகற்றிவ்தான் படத்தின் விதைநெல்.

இன்று அந்த ஸ்ரூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. போரில் அழிந்தவை போக, எஞ்சியவற்றை மூடவைப்பது கைத்தொலைபேசி.

இந்த மாற்றத்தின் தொடக்கம் வேடிக்கையானது. பிலிம் விற்பனையில் உலகின் முன்னணியில் நின்ற அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்திலேயே, 1975இல் ஸ்ரீவன் சாசன் என்ற பொறியியலாளர் பிலிம் இல்லாத கமராவைச் செய்து காட்டினார். ஒரு படத்தைப் பதிவுசெய்ய அதற்கு 23 வினாடிகள் பிடித்தன. பிலிம் வியாபாரத்தையே பெரிதாக நம்பியிருந்த கொடாக், 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. பிலிமை விழுங்கிய டிஜிற்றல் கமராவையும் பின்னர் கைத்தொலைபேசி விழுங்கியது. 2010இல் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிற்றல் கமராக்கள் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2020இல் அத்தொகை 90 இலட்சத்துக்கும் குறைந்துவிட்டது.

ஊர் ஸ்ரூடியோவின் வருமானம் கமரா விற்பதில் இருக்கவில்லை. பிலிம் விற்பது, அதைக் கழுவுவது, படம் அச்சிடுவது என்ற மூன்றிலுமே இருந்தது. கைத்தொலைபேசி மூன்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டது. அடையாள அட்டைப் படம், கலியாண வீடு, சாமத்திய வீடு என்பவற்றை நம்பிச் சிலர் தாக்குப்பிடிக்கின்றனர். முதுமையடைந்த உரிமையாளர் கடையைப் பூட்டும்போது, பிள்ளைகளுக்கு அந்தப் பழைய பெட்டிகள் வெறும் குப்பை. அவை எரிக்கப்பட்டால் எமது விதைநெல்லும் எரிந்துவிடும்.

படம் வெறும் அலங்காரப் பொருளன்று. காணாமற்போன பிள்ளையின் படத்தை ஏந்தியபடி கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017ஆம் ஆண்டு முதல் வீதியோரம் அமர்ந்த தாய்மாரை நாம் அறிவோம். "இவன் இருந்தான்" என்று சொல்வதற்கு ஒரு தாயிடம் எஞ்சியிருப்பது சில வேளைகளில் அந்த ஒரு படமே.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, உங்கள் ஊரில் அல்லது முன்பு வாழ்ந்த ஊரில் படம்பிடித்தவரைத் தேடிச் செல்லுங்கள். எந்த ஆண்டு, என்ன நிகழ்வு, யாருடைய வீடு என்று சொன்னால் அவர் தேடிப்பார்ப்பது இலகு. மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ பலருடைய விபரங்களை ஒரே பட்டியலாகக் கொண்டுசென்றால் இன்னும் நல்லது. அவருடைய உழைப்புக்குரிய கூலியைக் கொடுக்க மறக்கவேண்டாம்.

இரண்டாவது, கிடைத்த நெகற்றிவை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். கடித உறையில் இட்டு, ஈரமும் வெக்கையும் படாத இடத்தில் வையுங்கள். வினாகிரி மணம் வந்தால் பிலிம் கெடத் தொடங்கிவிட்டது. தாமதியாமல் பிரதி எடுப்பியுங்கள்.

மூன்றாவது, வெள்ளத்தில் நனைந்த படங்களை உடனே எறிந்துவிடாதீர்கள். ஒட்டிய படங்களைப் பிய்த்தெடுக்காமல், சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, படப்பக்கம் மேலே இருக்க நிழலில் உலரவிடுங்கள். 2011 மார்ச்சில் ஜப்பானை ஆழிப்பேரலை தாக்கியபின், சேற்றிலிருந்து எடுத்த குடும்பப் படங்களைத் தொண்டர்கள் இவ்வாறே கழுவி உரியவர்களிடம் சேர்ப்பித்தனர். பிலிம் உற்பத்தி நிறுவனமான பியூஜியும் இப்பணிக்குக் கைகொடுத்தது.

நான்காவது, கைத்தொலைபேசியில் ஆயிரம் படம் இருக்கலாம். தொலைபேசி தண்ணீரில் விழுந்தால் ஆயிரமும் போய்விடும். ஆண்டுக்குப் பத்துப் படங்களையாவது தெரிந்து அச்சிடுங்கள். பின்புறத்தில் பெயர், ஊர், திகதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

விதைநெல் முழுவதையும் ஒரே சாக்கில் கட்டி ஒரே மூலையில் வைப்பவன் நல்ல கமக்காரன் அல்லன். முன்பு எமது இரண்டாவது சாக்கை ஸ்ரூடியோக்காரர் காத்துத் தந்தார். இனி அந்த வேலை எம்முடையது. அடுத்த முறை பட்டணம் போகும்போது, பூட்டுவதற்கு முன்னரே அந்தக் கடையின் படியேறிக் கேட்டுப்பாருங்கள்.