கடலின் தரையில் கிடப்பது என்ன?

கரையில் நின்று பார்த்தால் கடல் நீர் மட்டும்தான் தெரியும். அந்த நீருக்கு அடியிலும் தரை இருக்கிறது. அங்கே மலைகள் உண்டு. பள்ளங்கள் உண்டு. எரிமலைகளும் உண்டு. பரந்த சமவெளிகளும் உண்டு.

பசிபிக் கடலில் மரியானா பள்ளம் இருக்கிறது. அதன் ஆழம் சுமார் 11 கிலோமீட்டர். எவரெஸ்ட் மலையைத் தூக்கி உள்ளே வைத்தால் அதன் உச்சியும் மூழ்கிவிடும்.

ஆழ்கடலில் எப்போதும் இருட்டு. 1 கிலோமீட்டருக்குக் கீழே சூரிய ஒளி போகாது. குளிர் அதிகம். மேலே உள்ள தண்ணீரின் பாரமும் அழுத்தும். அங்கேயும் புழுக்கள், கடல் அட்டைகள், கடல் பஞ்சுகள் வாழ்கின்றன.

கருப்பு உருண்டைகள்

இந்தியப் பெருங்கடலின் நடுவில், சுமார் 5 கிலோமீட்டர் ஆழத்தில், சேற்றின் மேல் கருப்பு உருண்டைகள் கிடக்கின்றன. பல உருண்டைகள் உருளைக்கிழங்கு அளவு இருக்கும். அவற்றில் மாங்கனீசு, இரும்பு, நிக்கல், தாமிரம், கோபால்ட் ஆகிய உலோகங்கள் உள்ளன. பேட்டரி செய்ய நிக்கலும் கோபால்ட்டும் உதவும்.

இவை எப்படி உண்டாகின்றன? ஒரு சுறாவின் பல் கடலின் தரையில் விழுகிறது. நீரில் கரைந்துள்ள உலோகம் அதன்மேல் மெல்லப் படிகிறது. சில மில்லிமீட்டர் வளர 10 லட்சம் ஆண்டுகள் ஆகும்!

1981-ஆம் ஆண்டு 'கவேஷணி' என்ற நம் நாட்டுக் கப்பல் இந்த உருண்டைகளை மேலே எடுத்து வந்தது. 1987-இல் இவற்றை ஆராய இந்தியாவுக்குக் கடலில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது.

யாருக்குச் சொந்தம்?

நாடுகளின் எல்லைக்கு அப்பால் உள்ள கடல் தரை யாருக்கும் தனிச் சொத்து அல்ல. அது மனித குலம் முழுவதற்கும் பொது. 1982-இல் உருவான கடல் சட்டம் இப்படிச் சொல்கிறது. ஊருக்குப் பொதுவான ஏரியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உருண்டைகளை அள்ளினால் சேறு கலங்கும். அவற்றில் ஒட்டி வாழும் உயிர்கள் இடம் இழக்கும். 1979-இல் பசிபிக் கடலின் தரையில் ஓர் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். 44 ஆண்டுகள் கழித்து விஞ்ஞானிகள் அங்கே போனார்கள். இயந்திரம் ஓடிய தடம் இன்னும் அழியவில்லை.

உலோகம் நமக்குத் தேவை. கடலும் நமக்குத் தேவை. ஏரியில் மண் எடுக்கும் முன் ஊர் கூடிப் பேசுகிறோம். கடலின் தரையில் கை வைக்கும் முன் யார் யார் கூடிப் பேச வேண்டும்? உங்கள் குழுவில் கலந்து பேசுங்கள்.