கண்டமங்கலம் பகுதிக் கட்டட மேஸ்திரிகளின் ஒப்பந்த முறைகள்: சட்டமும் வரியும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாடு, புதுச்சேரி எல்லைப் பகுதியான கண்டமங்கலத்தில் தன் பொறுப்பில் வீடு கட்டித் தரும் மேஸ்திரி, சட்டத்தின் பார்வையில் கூலியாளா, ஒப்பந்ததாரரா, முதலாளியா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பந்தத்துக்கு இடப்படும் பெயரைக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண இயலாது. கட்டுமானப் பொருளை வாங்குபவர் யார், ஆள்களை அமர்த்துபவர் யார், மனை எல்லையின் எப்பக்கம் உள்ளது என்னும் மூன்று செய்திகளே அதை முடிவு செய்கின்றன. வாய்மொழி ஒப்பந்தம் செல்லும். ஆயினும் இம்மூன்று செய்திகளையும் மெய்ப்பிக்கும் சான்று அதில் எஞ்சுவதில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: மேஸ்திரி, கூலி ஒப்பந்தம், பொருளுடன் ஒப்பந்தம், சரக்கு மற்றும் சேவை வரி, வருமான வரி, புதுச்சேரி எல்லை.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்று கண்டமங்கலம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் மதகடிப்பட்டு, திருபுவனை ஆகிய புதுச்சேரி ஊர்களைக் கடந்தபின் தமிழ்நாட்டுக் கண்டமங்கலம் வருகிறது. அதனை அடுத்து மீண்டும் புதுச்சேரியின் அரியூர் வருகிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்து எல்லைகள் 1954-இல் நிகழ்ந்த அதிகார மாற்றத்துக்குப் பின்னரும் மாறவில்லை. இன்றும் அவையே மாநில எல்லைகளாக நிற்கின்றன. கண்டமங்கலத்துக் கொத்தனாரும் சித்தாளும் நாள்தோறும் இவ்வெல்லையைக் கடந்து வேலைக்குச் செல்கின்றனர். அன்றாட வாழ்வில் பொருட்படுத்தப்படாத இவ்வெல்லையை வரிச் சட்டம் பொருட்படுத்துகிறது.

மூவகை ஒப்பந்தங்கள்

வீடு கட்டும் தொழிலில் மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. முதலாவது நாள்கூலி. இதில் மேஸ்திரியும் பிறரைப்போல் அன்றாடச் சம்பளம் பெறுகிறார். இரண்டாவது கூலி ஒப்பந்தம். சதுர அடிக்கு இவ்வளவு கூலி எனப் பேசி, மேஸ்திரி ஆள்களைத் திரட்டி வேலையை முடித்துத் தருகிறார். சிமெண்ட், கம்பி, செங்கல், மணல் ஆகியவற்றை வீட்டுக்காரர் வாங்கித் தருகிறார். மூன்றாவது பொருளுடன் ஒப்பந்தம். கடைக்கால் முதல் சாவி ஒப்படைப்பு வரை பொருளும் கூலியும் மேஸ்திரியின் பொறுப்பு. பேச்சுவழக்கில் பின்னிரண்டும் ‘காண்ட்ராக்ட்’ என ஒரே சொல்லால் குறிக்கப்படினும் சட்டம் அவற்றை வெவ்வேறாகவே கொள்கிறது.

பெயரைவிடத் தன்மையே முதன்மையானது என்பதை உச்ச நீதிமன்றம் 1957-இலேயே தெளிவுபடுத்தியது. தரங்கத்ரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில், சௌராட்டிரப் பகுதியின் உப்பளத் தொழிலாளரான அகரியர் தம் குடும்பத்தாருடன் உழைத்தனர். தம் பொறுப்பில் பிற ஆள்களையும் அமர்த்திக்கொண்டனர். எனினும், வேலையின் முறை மீது நிறுவனம் கட்டுப்பாடு செலுத்தியதால் அவர்கள் தொழிலாளரே என முடிவு செய்யப்பட்டது. எனவே, ஒரு கட்டுமான நிறுவனத்தின் நேரடிக் கண்காணிப்பில் ஆண்டு முழுவதும் வேலை செய்யும் மேஸ்திரியை அந்நிறுவனம் ‘ஒப்பந்ததாரர்’ எனக் குறித்துக்கொண்டாலும், அக்குறிப்பு ஒன்றே இறுதியாகிவிடாது.

சரக்கு மற்றும் சேவை வரி

பொருளுடன் ஒப்பந்தம் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பணி ஒப்பந்தம், அதாவது ஒரு சேவை. சேவை வழங்குவோரின் ஆண்டு மொத்த விற்றுமுதல் 20 இலட்சம் ரூபாயைக் கடந்தால் பதிவு கட்டாயம். சரக்கு மட்டும் விற்போருக்குத் தமிழ்நாட்டில் 1-4-2019 முதல் உள்ள 40 இலட்ச வரம்பு இவர்களுக்குப் பொருந்தாது.

கூலி ஒப்பந்தத்துக்குச் சலுகை உண்டு. ஒரு குடும்பம் குடியிருப்பதற்கான தனி வீட்டைப் புதிதாகக் கட்ட உழைப்பை மட்டும் வழங்கும் ஒப்பந்தத்துக்கு, 2017-இன் 12-ஆம் எண் மத்திய வரி வீத அறிவிக்கை விலக்களிக்கிறது. மாநிலங்களுக்கிடையேயான வழங்கலுக்கும் இதே விலக்கு தனி அறிவிக்கையால் தரப்பட்டுள்ளது. ஆனால், அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு பகுதியாக அமையும் வீடும், பழைய வீட்டின் பழுதுபார்ப்பும், கடைக் கட்டடமும் இவ்விலக்கினுள் அடங்கா.

விலக்கு பெற்ற சேவையை மட்டுமே செய்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. எனினும், 20 இலட்ச வரம்பைக் கணக்கிடும்போது விலக்கு பெற்ற வரவும் மொத்த விற்றுமுதலில் சேரும். எடுத்துக்காட்டாக, ஒருவர் ஓராண்டில் தனி வீடுகளுக்கான கூலி ஒப்பந்தங்களில் 14 இலட்சம் பெறுகிறார் எனக் கொள்வோம். அவருக்குப் பதிவு தேவையில்லை. அவரே அவ்வாண்டில் 8 இலட்சத்துக்குப் பொருளுடன் ஒரு சிறு கடை கட்டித் தந்தால், மொத்தம் 22 இலட்சமாகி வரம்பைக் கடக்கிறது. வரி 8 இலட்சத்தின் மீதுதான் எழும் எனினும் பதிவுக் கடமை முழு வரவாலும் உண்டாகிறது. சிமெண்டை வாங்கியவர் யார் என்பது இங்கே முடிவுசெய்யும் வினாவாகிவிடுகிறது.

எல்லையின் விளைவு

புதுச்சேரி சட்டமன்றம் உடைய ஒன்றியப் பகுதி. ஆதலால் இவ்வரிச் சட்டத்தில் அது ஒரு மாநிலமாகவே கொள்ளப்படுகிறது. அசையாச் சொத்து தொடர்பான சேவையில் வழங்கல் நிகழும் இடம் அச்சொத்து உள்ள இடமே. ஆகவே, கண்டமங்கலத்து மேஸ்திரி அரியூரில் வீடு கட்டினால் அது மாநிலங்களுக்கிடையேயான வழங்கல்.

இத்தகைய வழங்கலுக்குத் தொகை எவ்வளவாயினும் பதிவு கட்டாயம் என்பது சட்டத்தின் பொதுவிதி. சேவை வழங்குவோருக்கு 2017 அக்டோபரில் வெளிவந்த அறிவிக்கை 20 இலட்சம் வரை இதிலிருந்து விலக்கு அளித்தது. தமிழ்நாட்டு வரவும் புதுச்சேரி வரவும் ஒரே நிரந்தரக் கணக்கு எண்ணின்கீழ்ச் சேர்த்தே கணக்கிடப்படுவதால், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே 20 இலட்சம் எனக் கருதுவது பிழை. கண்டமங்கலத்திலேயே கதவு, சன்னல் செய்து எல்லை கடந்து விற்கும் தச்சரின் நிலை வேறு. அவர் விற்பது சரக்கு. கைவினைப் பொருள்கள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அவர் முதல் விற்பனைக்கே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தோருள் சிறு தொழில்முனைவோருக்கான இணக்க வரித் திட்டத்தையும் மாநிலம் கடந்து வழங்குவோர் பயன்படுத்த இயலாது.

வருமான வரி

இங்குக் குறிக்கப்படும் பிரிவெண்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குரியவை. அதன் இடத்தில் 1-4-2026 முதல் நடைமுறைக்கு வருமாறு இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்கள் வேறுபடும். தனி மனிதரான ஒப்பந்ததாரருக்கு நிறுவனம் பணம் தரும்போது 194-சி பிரிவின்படி 1 விழுக்காட்டை வரியாகப் பிடிக்க வேண்டும். ஒரு தொகை 30,000 ரூபாயையோ ஆண்டு மொத்தம் 1 இலட்சத்தையோ கடந்தால் இது பொருந்தும். நிரந்தரக் கணக்கு எண் தராதவரிடம் 20 விழுக்காடு பிடிக்கப்படும். தம் சொந்த வீட்டைக் கட்டும் தனியாள் இப்பிரிவின்கீழ் வரி பிடிக்க வேண்டியதில்லை.

44-ஏடி பிரிவின்கீழ் 2 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள சிறு ஒப்பந்ததாரர் கணக்கேடுகள் இன்றியே வரவில் 8 விழுக்காட்டை வருமானமாகக் காட்டலாம். வங்கி வழி வந்த தொகைக்கு 6 விழுக்காடு போதும். திருபுவனையில் ஒரு நிறுவனத்துக்கு 10 இலட்சத்துக்கு வேலை செய்தவரிடம் 10,000 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கும். வங்கி வழி வரவாயின் அவர் காட்ட வேண்டிய வருமானம் 60,000 ரூபாயே. வேறு வருமானம் இல்லையெனில் வரி எழாது. பிடித்த தொகை முழுவதையும் திரும்பப் பெறலாம். ஆனால், விவர அறிக்கை தாக்கல் செய்யாதவர் அதை இழக்கிறார்.

கூலி நிலுவையும் விபத்துப் பொறுப்பும்

வாய்மொழி ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி செல்லத்தக்கதே. ஒப்பந்தம் செல்லாதபோதும், ஒருவர் இலவசமாகச் செய்யக் கருதாத வேலையின் பயனை மற்றவர் ஏற்றுக்கொண்டால் ஈடு தர வேண்டும் என்கிறது 70-ஆம் பிரிவு. மேற்கு வங்க அரசுக்கு எதிரான பி.கே. மண்டல் நிறுவன வழக்கில் 1961-இல் உச்ச நீதிமன்றம் இவ்வடிப்படையில் கட்டுமானத் தொகையை வழங்கியது. பணம் தரும் நாள் குறிக்கப்படாத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்பது 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் விதி. ‘பூச்சு முடியட்டும்’, ‘கிரகப்பிரவேசம் ஆகட்டும்’ எனத் தவணை கேட்கும் வாய்ச்சொல் இக்காலத்தை நீட்டாது. காலம் முடியுமுன் வீட்டுக்காரர் கையொப்பமிட்டு எழுதித் தரும் ஒப்புதல் நீட்டும்.

வழக்கைப் பொதுவாக எதிராளி வசிக்கும் இடத்திலோ வழக்குக்காரணம் எழுந்த இடத்திலோ தொடரலாம். ஒப்பந்தம் கையெழுத்தான ஊரும் பணம் செலுத்த வேண்டிய ஊரும் கண்டமங்கலம் என எழுதப்பட்டிருந்தால், புதுச்சேரி வீட்டுக்காரர் மீது தமிழ்நாட்டு நீதிமன்றத்தை அணுக அது துணை செய்யும்.

பணநிலுவையைவிடக் கடுமையானது விபத்துப் பொறுப்பு. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, தம் தொழிலின் பொருட்டு ஒப்பந்ததாரரை அமர்த்தியவரையும் பொறுப்பாக்கியது. குடியிருக்க வீடு கட்டுபவர் தொழிலின் பொருட்டுக் கட்டுபவர் அல்லர்; ஆதலால், சாரத்திலிருந்து விழுந்த சித்தாளுக்கு ஈடு தரும் கடமை மேஸ்திரியின் மேல் நிற்கிறது. நேற்றுவரை கூலியாளாக இருந்தவர், ஆள்களைத் தாமே அமர்த்திய நாள்முதல் முதலாளியாகிறார். அவ்வாறு ஆனதை அவருக்கு உணர்த்தும் ஆவணம் எதுவும் அவர் கையில் இல்லை.

முடிவுரை

மேஸ்திரி ஒருவரே வரிச் சட்டத்தில் சேவை வழங்குநராகவும், இழப்பீட்டுச் சட்டத்தில் முதலாளியாகவும், நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ளபோது தொழிலாளியாகவும் கொள்ளப்படலாம். இவற்றுள் எது பொருந்தும் என்பதை நிறுவ ஒரு பக்க எழுத்து போதுமானது: மனை உள்ள ஊர், பொருள் வாங்குபவர், சதுர அடி வீதம், கடைக்கால், தளம், பூச்சு என நிலைவாரியாகத் தர வேண்டிய தொகை, பணம் செலுத்தும் ஊர், விபத்துக் காப்பீட்டுச் செலவை ஏற்பவர், இருவர் கையொப்பம். உரிய முத்திரைத்தாளில் எழுதுதல் நன்று. முத்திரைக் குறைபாடு உள்ள ஆவணம், குறைத்தொகையும் தண்டமும் செலுத்தும்வரை சான்றாக ஏற்கப்படாது. செல்பேசிச் செய்திகளும் 2023-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கூறும் சான்றிதழுடன் ஏற்கப்படும்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவு முகாம்களிலேயே இத்தகைய தமிழ் ஒப்பந்தப் படிவம் ஒன்றை வழங்குவது பயன் தரும். எல்லையின் இருபுறமும் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆட்சிவரம்புக்கு உட்பட்டவை. ஆதலால், ஒரே படிவம் இருபுறத்துக்கும் பொருந்துமாறு அமைத்தல் கடினமன்று.